சொலவடையோடு ஊர்ப்பெயரையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அயர்லாந்துக் குடும்பங்களின் பழைய சொலவடைகள் என்று ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல காரியம். வெள்ளைக்காரன் பழமொழி என்றாலே இங்கிலாந்து என்று நினைத்துக்கொண்டிருக்கிற நமக்கு, பக்கத்திலேயே இன்னொரு தீவு, இன்னொரு மொழி, வேறு மாதிரிக் கிழவிகள் இருக்கிறார்கள் என்று காட்டினீர்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே கட்டம் கட்டி 'இது பிறந்த கதை' என்று போட்டிருந்தீர்களே, அதில்தான் எனக்குச் சண்டை. பெரிய சண்டை இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

திசையன்விளைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவளுக்கு அயர்லாந்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் மூத்த மகள் அங்கே மேற்குப் பக்கம் மேயோ மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து வந்ததும், அங்குள்ள கிழவர் கிழவிகள் சொன்னதையெல்லாம் போனில் என்னிடம் ஒப்பிப்பாள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள், சும்மா இருப்பேனா, அதைப் பிடித்துக்கொண்டு தேடித் தேடிப் படித்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம், நம்ம சீமைக்கும் அந்தத் தீவுக்கும் உறவே கிடையாது என்றும் சொல்ல முடியாது. இடையன்குடியில் அடக்கமாகியிருக்கிற கால்டுவெல், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் கிளாடி என்ற ஊரில் பிறந்தவர். டோனாவூரில் அத்தனை பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் டவுன் பகுதியில் ஒரு கடற்கரை ஊர்க்காரர். 1911-இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்ட கலெக்டர் ஆஷும் அயர்லாந்துக்காரர்தான். ஒருவர் இலக்கணம் எழுதினார், ஒருவர் பிள்ளை வளர்த்தார், ஒருவர் குண்டடி பட்டுச் செத்தார், இதற்குமேல் என்ன உறவு வேண்டும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'ஹூக்காலோ குரூக்காலோ' என்று ஒன்றைப் போட்டிருந்தீர்கள். எப்பாடு பட்டாவது முடிப்பது என்று பொருள், அதில் தகராறு இல்லை. நீங்கள் சொன்ன கதை: 1649-இல் இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல் படையோடு வந்து வாட்டர்ஃபோர்டு நகரத்தைப் பிடிக்கப் பார்த்தபோது, அந்தத் துறைமுக வாயிலுக்கு ஒரு கரையில் ஹூக் முனை, எதிர்க்கரையில் குரூக் என்ற ஊர், ஹூக் வழியாகவோ குரூக் வழியாகவோ பிடித்தே தீருவேன் என்றாராம். இரண்டு இடமும் உண்மையாகவே இருக்கிறது, குரோம்வெல் படையோடு அயர்லாந்துக்கு வந்ததும் உண்மை. ஆனால் இந்தச் சொல்வழக்கு 1380-களிலேயே இங்கிலாந்தில் எழுத்தில் வந்தாயிற்று. குரோம்வெல்லின் பாட்டனுக்குப் பாட்டன்கூட அப்போது பிறந்திருக்க மாட்டான். ஹூக் என்றால் கொக்கி, குரூக் என்றால் வளைந்த கோல், ஆகவே தொரட்டியாலும் அரிவாளாலும் எட்டின மட்டும் விறகு ஒடித்துக்கொள்ளலாம் என்று குடியானவர்களுக்கு இருந்த பழைய உரிமையிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி உண்டு. அதற்கும் முடிவான சாட்சி கிடையாது.

அடுத்தது அந்தக் கதவு. டப்ளினில் புனித பேட்ரிக் பேராலயத்தில் ஓட்டை போட்ட ஒரு மரக்கதவை இன்றும் வைத்திருக்கிறார்கள். 1492-இல் ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்துக்கும் பட்லர் குடும்பத்துக்கும் வெட்டுக்குத்து முற்றி, பட்லர் ஆட்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். வெளியே நின்ற கில்டேர் பிரபு ஃபிட்ஸ்ஜெரால்டு சமாதானம் பேச, உள்ளே இருந்தவர்கள் நம்பாமல் இருக்க, அவர் கதவில் ஓட்டை போடச் சொல்லி, வெட்டினால் வெட்டிக்கொள் என்று தன் கையை உள்ளே நீட்டினாராம். உள்ளே இருந்தவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அருமையான கதை, எனக்கும் பிடிக்கும். அதிலிருந்துதான் 'கையைப் பணயம் வைத்துப் பார்' என்று துணிந்து இறங்குவதற்குச் சொல்லும் வழக்கு வந்தது என்கிறீர்கள். அந்த வழக்கு அச்சில் தலைகாட்டுவதோ பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். நடுவே இருக்கிற நானூறு வருஷம் அது எங்கே போய் ஒளிந்திருந்தது? கதவு இருக்கிறது, சொலவடை இருக்கிறது, யாரோ ஒரு புண்ணியவான் இரண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டான், அவ்வளவுதான்.

உண்மையிலேயே அந்த இரண்டு குடும்பத்துக்கும் சொந்தமான சொல் வேறு இருந்தது, உங்கள் பக்கத்தில் அதைக் காணோம். சண்டைக்குப் போகும்போது ஃபிட்ஸ்ஜெரால்டு ஆட்கள் 'குரோம் அபூ' என்று கூவுவார்கள். குரோம் என்பது லிமெரிக் பகுதியில் அவர்கள் கோட்டை இருந்த ஊர், அபூ என்றால் வெல்க என்ற மாதிரி. எதிர்க்கட்சி 'பட்லர் அபூ' என்று கூவும். இந்தக் கூவலைக் கேட்டாலே தெருவில் அடிதடி கிளம்புகிறது என்று, 1494-95-இல் கூடிய அயர்லாந்து நாடாளுமன்றம் இந்த இரண்டு வார்த்தைகளையும் பேர் சொல்லித் தடை செய்தது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்குக் குடும்பச் சொல்லில் சூடு இருந்திருக்கிறது. தடை போட்டும் அது சாகவில்லை, ஃபிட்ஸ்ஜெரால்டு வம்சத்தார் அதையே பின்னாளில் தங்கள் குலச் சின்னத்தில் பொறித்து வைத்துக்கொண்டார்கள்.

இப்படிப் பிறந்த கதை கட்டுவது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் தினம் காலையில் பூப்படத்தோடு வருகிறதே, 'மண் குதிரை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பது தப்பாம், அது மண் குதிராம், அதாவது மண்மேடாம். 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' தப்பாம், ஆயிரம் வேராம். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்றால் கழுதை கோபித்துக்கொள்ளும் போலிருக்கிறது, அதற்கும் ஒரு கோரைப்பாய்க் கதை. நம்ம முன்னோர் கிண்டலே பண்ண மாட்டார்கள், எந்நேரமும் மூலிகையும் ஆன்மிகமும்தான் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று இந்தக் கட்சிக்கு ஒரு நம்பிக்கை. என் ஆச்சி ஆயிரம் பேரைக் கொன்ற கதையைச் சொன்னது எப்போது தெரியுமா? எங்கள் தெருவில் ஒருவர் கைக்குக் கிடைத்த மாத்திரையையெல்லாம் பொடித்து எல்லா நோய்க்கும் தேனில் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், அவர் திண்ணையில் கூட்டம் கூடும்போதெல்லாம் ஆச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு இதைச் சொல்வாள். சொல்லும்போது ஆச்சியின் முகத்தைப் பார்த்திருந்தால் அங்கே வேரும் இல்லை, மண்ணும் இல்லை என்று எவருக்கும் தெரிந்திருக்கும்.

பிறந்த கதையே எல்லாம் பொய் என்றும் நான் சொல்ல வரவில்லை. சிலது நிற்கும். 'பாய்காட்' என்று உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு முறையாவது வருகிறதே, அது ஒரு குடும்பத்தின் பெயர். என் மகள் வேலை பார்க்கிற அதே மேயோவில், மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலத்துக்குக் காரியஸ்தராக இருந்த இங்கிலாந்துக்காரர் கேப்டன் பாய்காட். 1880-இல் குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் குடியானவர்கள் கேட்டு, அவர் முடியாது என்று வெளியேற்றப் பார்க்க, ஊரே அவரைத் தள்ளி வைத்தது. அறுப்புக்கு ஆள் இல்லை, வீட்டில் வேலைக்காரி இல்லை, கடையில் சாமான் இல்லை, தபால்கூடப் போய்ச் சேரவில்லை. கடைசியில் வடக்கேயிருந்து ஐம்பது பேரைக் கூட்டிவந்து, ஆயிரம் பட்டாளத்துக்காரர்களைக் காவலுக்கு நிறுத்தி அறுத்தார்கள், விளைச்சலின் மதிப்பைவிடக் காவல் செலவு பல மடங்கு ஆனது. அந்தக் குளிர்காலத்துக்குள்ளேயே அவர் பெயர் பத்திரிகைகளில் வினைச்சொல்லாகிவிட்டது. அன்றைக்கே எழுதி வைத்ததால் இது நிற்கிறது, யாரும் பின்னால் வந்து கட்டவில்லை. 1908-இல் வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்டபோது தூத்துக்குடியில் வண்ணாரும் நாவிதரும் அரசாங்கத்துப் பக்கம் நின்றவர்களுக்கு வேலை செய்ய மறுத்தார்களே, மேயோக்காரர்கள் பார்த்திருந்தால் நம்ம ஆட்கள் என்றிருப்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. உங்கள் பக்கத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், கோபமே அதனால்தான் வந்தது. 'பெருங்காற்று அடித்த ராத்திரி நான் உருளைக்கிழங்கைக் கையில் வைத்துத் தின்கிற பிள்ளை' என்று அயர்லாந்துக் கிழவர்கள் சொல்வார்கள். 1839 ஜனவரி 6, ஞாயிறு ராத்திரி, அந்தத் தீவின் குறுக்கே அடித்த புயல் அது, கூரை வீடுகள் பறந்தன, மரம் சாய்ந்தது, அடுப்புக் கங்கு பறந்து போய் விழுந்து தெருக்கள் பற்றி எரிந்தன. அதற்குப் பெயரே 'பெருங்காற்றின் இரவு'. (கால்டுவெல் 1838-இலேயே சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டதால் தப்பித்தார்.) ஆனால் இந்தச் சொலவடை ஊரெல்லாம் பரவியது புயலடித்து எழுபது வருஷம் கழித்து! 1909 ஜனவரி முதல், எழுபது வயது ஆனவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை முதியோர் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தது அரசாங்கம். எழுபது என்று எப்படிக் காட்டுவது? அங்கே எல்லோருடைய பிறப்பையும் பதிவு செய்யத் தொடங்கியதே 1864-இல்தான். அதனால் விசாரிக்க வந்தவர்கள் பெருங்காற்று அடித்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஞாபகம் இருந்தால் எழுபது தாண்டியாயிற்று. கேள்வி ஊரில் தெரிந்த பிறகு ஞாபகம் இல்லாத கிழவர் ஒருவர்கூட இருந்திருப்பாரா என்ன? கையில் உருளைக்கிழங்கு வைத்திருந்த கணக்கு அப்படி ஏறியது.

நம்ம ஊரில் மட்டும் வேறா? முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடும்போது என் அம்மாவிடம் வயது கேட்டார்கள். "தனுஷ்கோடிப் புயலப்போ இந்தா நிக்கானே, இவன் என் வயித்துல ஏழு மாசம்" என்று என் தம்பியைக் காட்டினாள். அவனுக்கு அப்போதே தலை நரைத்திருந்தது, எழுத வந்தவர் சிரித்துவிட்டார். எங்கள் ஆச்சியின் தலைமுறை தாது வருஷப் பஞ்சத்தை வைத்துக் கணக்குப் போட்டது. தாமிரபரணியில் 1992 வெள்ளம் வந்தபோது பிறந்தவர்களுக்கு இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய 2023 டிசம்பரை வைத்து இனிமேல் எத்தனை வீட்டில் வயது சொல்லப் போகிறார்களோ.

காற்று என்றதும் இன்னொன்று. 'காற்றடிக்கிற நாள் கூரை முளை அடிக்கிற நாள் இல்லை' என்று அயர்லாந்து மொழியில் ஒன்று உண்டு, மகள் இருக்கிற இல்லத்தில் ஒரு கிழவர், முன்னாளில் கூரை வேய்கிற தொழிலாளி, மருந்து சாப்பிடாமல் ஏமாற்றிவிட்டுப் பிறகு வலிக்கிறது என்று கத்துகிற பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்த்து அடிக்கடி சொல்வாராம். அந்த முளை என்னவென்று மகளை விட்டு விசாரிக்கச் சொன்னேன். ஹேசல் மரத்து மிலாறையோ வில்லோ மரத்து மிலாறையோ வெட்டி, இரண்டு நுனியையும் சீவி, நடுவில் முறுக்கி வளைத்து, கொண்டை ஊசி மாதிரி ஆக்கி, வைக்கோல் படிந்து கிடக்கும்படி கூரைக்குள் அடித்து இறக்குவார்கள். வெட்டுவது, சீவுவது, காயாமல் பதமாக வைத்திருப்பது எல்லாம் காற்றுக் காலத்துக்கு முந்தியே முடிந்திருக்க வேண்டும். எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் பனை ஓலை வீடுதான் அப்போது. ஓலையை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கல்லை ஏற்றி அமுக்கி, அகணி நாரை ஊறவைத்து, ஐப்பசி மழைக்கு முன்னே கூரையை மாற்றிவிடுவார்கள், மாற்றாதவன் வீட்டில் மழையன்றைக்குச் சட்டி பானையெல்லாம் நடு வீட்டில் நிற்கும். அந்தக் கிழவரும் எங்கள் தாத்தாவும் ஒரு மணி நேரம் பேச விஷயம் இருந்திருக்கும், மொழிதான் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்குக் காற்று என்றால் கேடு. நமக்கோ 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்'. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வருகிற காற்று, களத்துமேட்டில் சொளவைத் தலைக்குமேலே பிடித்துச் சரித்தால் பதரை ஒரு பக்கமும் மணியை ஒரு பக்கமும் தானே பிரித்துப் போடும். அதே காற்று கொஞ்சம் கூடிப்போனால் 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்'. இப்போது அதே காற்றில் ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலை சுற்றுகிறது. கடலுக்கு நடுவில் கிடக்கிற தீவுக்காரனுக்கும் கணவாய்க்குக் கிழக்கே களம் வைத்திருப்பவனுக்கும் காற்றைப் பற்றி ஒரே நினைப்பு எப்படி இருக்கும்? 'எல்லா நாட்டுப் பழமொழியும் ஒன்றையே சொல்கின்றன' என்று உங்கள் பக்கத்தின் கடைசியில் எழுதியிருந்தது அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. சிலது ஒன்றுதான், இல்லை என்று சொல்லவில்லை. 'வண்டை வண்டு அறியும்' என்று அவர்கள் சொல்வதும், பழமொழி நானூற்றில் வருகிற 'பாம்பறியும் பாம்பின கால்' என்பதும் ஒன்றேதான், தூரத்து மலை பச்சை என்பதும் நம்ம இக்கரை அக்கரையும் ஒன்றேதான். ஆனால் ஒன்றாக இருப்பதை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டால் அந்தந்த ஊர் கைநழுவிப் போகிறது.

'இரண்டு பேர் நடந்தால் வழி குறையும்' என்று ஒன்று. இதற்கு ஒரு கதை உண்டு, பிறந்த கதை என்று அதை யாரும் அங்கே சொல்வதில்லை, கூடவே சொல்கிற கதை, அவ்வளவே. கோபான் சயர் என்று அவர்களுக்கு ஒரு பழங்காலக் கொத்தனார், நம்ம மயன் மாதிரி பேர் போனவன். அவனும் மகனும் தூரத்தில் ஒரு கட்டட வேலைக்குக் கிளம்புகிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் அப்பன் சொல்கிறான்: "வழியைக் குறைடா." மகன் முழிக்கிறான், வழியை எப்படிக் குறைப்பது? அப்படியானால் நீ வேலைக்கு ஆக மாட்டாய், வீட்டுக்குத் திரும்பு என்று அப்பன் திரும்பி வந்துவிடுகிறான். மறுநாளும் இதே கூத்து. ராத்திரி மகன் தன் பெண்டாட்டியிடம் சொல்கிறான். அவள், "இதுக்கா இவ்வளவு? நாளைக்கு அவர் அப்படிச் சொன்னதும் ஒரு கதையை ஆரம்பி" என்கிறாள். மறுநாள் மகன் கதையைத் தொடங்க, கொத்தனார் ஒரு வார்த்தை பேசாமல் நடக்க, வேலை இடம் வந்துவிட்டது. தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், உவரி தாண்டினதும் கூட்டத்தில் கதை விடத் தெரிந்தவன் யார் என்று தேடுவார்கள்.

இதெல்லாம் ஊர் முழுக்கத் தெரிந்தவை. வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற சில்லறைச் சொற்கள் இன்னும் ருசி. கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்த என் மகளைப் பார்த்து ஒரு கிழவி "தொழுவத்துலயா பொறந்தே?" என்று கேட்டிருக்கிறாள். இவளுக்கு முகம் சுண்டிவிட்டது, நிறத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாளோ என்று. கூட வேலை பார்க்கிற பெண்தான், ஏட்டி இது எங்க எல்லார் வீட்டிலேயும் கதவைச் சாத்தாத பிள்ளைகளைக் கேட்கிறதுதான் என்று விளங்க வைத்தாளாம். (அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ, ஏட்டி என்பது என் மகள் சேர்த்தது.) குளிர்காலத்தில் ஒரே ஒரு அடுப்பைச் சுற்றி ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்த வீடுகளில், கதவைத் திறந்து போடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று யோசித்தால் அந்தக் கிழவியின் கோபம் புரியும். ராத்திரியில் அந்த அடுப்பை அணைக்காமல், கங்கின்மேல் சாம்பலைப் போட்டு மூடி, புனித பிரிகிட் அம்மாளை வேண்டி ஒரு ஜெபமும் சொல்லி, காலையில் அதே கங்கிலிருந்து ஊதி எழுப்புவார்களாம். மே மாதம் முதல் தேதி மட்டும் பக்கத்து வீட்டுக்கு நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், வீட்டு லட்சுமி, அவர்கள் கணக்கில் வெண்ணெய், கூடவே போய்விடும். விளக்கு வைத்த பிறகு உப்புக் கேட்டு வருகிற பக்கத்து வீட்டுக்காரியை என் மாமியார் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் வந்தது.

பேத்தி பிடிவாதம் பிடிக்கிற படத்தை மகள் போனில் காட்டியிருக்கிறாள், அதைப் பார்த்த கிழவி, "இதைக் கல்லிலிருந்து நக்கி எடுக்கவில்லை" என்றாளாம். தாயிடமிருந்து வந்தது என்று அர்த்தம். நூலைப் போல சேலை என்று நாம் நாசூக்காகச் சொல்வதைவிட இது கொஞ்சம் காரம். கெட்டிக்காரக் கஞ்சனுக்கு 'நாலு ரோடு முக்கில் எலி மேய்ப்பான்' என்பார்கள். நாலு பக்கமும் சிதறி ஓடுகிற எலிகளை ஒன்றுகூடத் தப்பாமல் பார்த்துக்கொள்கிற ஆளாம். இதை எங்கள் தெருவில் ஒருவருக்குப் பொருத்திப் பார்த்துச் சிரித்தேன், பெயர் எழுதினால் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்புறம் 'பிழைச்சுக் கிட குதிரையே, புல் கிடைக்கும்' என்று ஒன்று, என்றைக்கோ தருவதாகச் சொல்லி ஏய்ப்பவர்களைப் பற்றி. எங்கள் வீட்டில் இதற்குச் சமமாக ஒன்று உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

இப்போது நான் எழுதுவதன் காரணம். அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை ஒரு வேலை செய்தார்கள். அங்குள்ள நாட்டார் வழக்காற்று ஆணையமும் கல்வித்துறையும் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து, சுமார் ஐயாயிரம் தொடக்கப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம், வழக்கமான கட்டுரைக்குப் பதிலாக, வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். பழமொழி, வைத்தியம், விளையாட்டு, மழைக்குறி, பேய்க்கதை, புதையல், பஞ்ச காலத்து நினைவு, எல்லாம். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள், ஏறக்குறைய 7,40,000 பக்கம் சேர்ந்தது. இன்றைக்கும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது, இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள், போனிலேயே பார்க்கலாம். பிள்ளைக் கையெழுத்தில் நாலு வரி, பக்கத்திலேயே சொன்னவர் பெயர், ஊர், பல இடத்தில் வயதும். 'இதன் உண்மையான பொருள்' என்று கட்டம் கட்டவில்லை. அதனால்தான் என்னை மாதிரி ஒருத்தி இங்கே உட்கார்ந்துகொண்டு, இந்தச் சொலவடையை எந்தக் கிராமத்தில் எந்தப் பெரியவர் சொன்னார் என்று தேடிப் பார்க்க முடிகிறது.

நம்ம பக்கம் யாரும் சேர்க்கவே இல்லை என்று சொன்னால் பாவம். பெர்சிவல் பாதிரியார் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேல் தமிழ்ப் பழமொழிகளைப் புத்தகமாகப் போட்டார், 1897-இல் ஜென்சன் என்ற டென்மார்க்குப் பாதிரியார் இன்னொரு தொகுதி. நாங்குநேரி நா. வானமாமலை, இடைசெவல் கி. ராஜநாராயணன் என்று நம்ம சீமைக்காரர்கள் செய்த வேலை ஊருக்கே தெரியும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஆனால் பாதிரியார் புத்தகங்களில் பழமொழி மட்டும்தான் இருக்கும், யார் வீட்டுத் திண்ணையில், யாரைப் பார்த்து, என்ன கோபத்தில் சொன்னது என்பது இருக்காது. அதை வீட்டுப் பிள்ளைகள்தான் கேட்டு எழுத முடியும், கேட்பதற்குக் கிழவிகள் இன்னும் கொஞ்ச காலம்தான் இருப்பார்கள்.

ஆகவே என் வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பள்ளிப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள், கோடை விடுமுறையில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது, ஆச்சி வீட்டில்தானே இருப்பார்கள். சொலவடை என்ன, யார் சொன்னார் (பெயர் போடக் கூச்சமாக இருந்தால் 'அப்பாவின் அத்தை' என்று போடட்டும்), எந்த ஊர், எப்போது சொல்வார், இவ்வளவு போதும். பேச்சுவழக்கைத் திருத்த வேண்டாம், ஏலே என்று சொன்னதை ஏலே என்றே போடுங்கள். கெட்ட வார்த்தை வந்தால் மட்டும் உங்கள் இஷ்டம், அது வராமல் எங்கள் பக்கத்துக் கிழவிகள் பேசுவது கஷ்டம். தயவுசெய்து கீழே 'விளக்கம்' என்று யாரையும் எழுத விடாதீர்கள்.

முதல் தவணையாக என் வீட்டிலிருந்து மூன்று.

"கொழும்புச் சித்தப்பா தைக்கு வாராரு." சொன்னவர் என் அப்பாவின் அம்மா, ஊர் திசையன்விளைக்குத் தெற்கே ஒரு விளை. அவர் கொழுந்தன் கொழும்பில் கடை வைக்கப் போனவர், தை பிறந்தால் வருகிறேன் என்று வருஷா வருஷம் கடுதாசி போட்டார், வரவே இல்லை. ரேஷன் கடையில் சீனி நாளைக்கு வரும் என்றாலும், யாராவது கடனைத் திருப்புவதாகத் தவணை சொன்னாலும் ஆச்சி இதைத்தான் சொல்வாள்.

"பனைய வச்சவன் பாத்துட்டுச் சாவான்." எல்லோருக்கும் தெரிந்ததுதான், தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான் என்று முன்னால் ஒரு பாதியும் உண்டு. என் தாத்தா பின்பாதியை மட்டும், குழி தோண்டிப் பனங்கொட்டை போடும்போதே சிரித்துக்கொண்டு சொல்வார், சொல்லிக்கொண்டே அடுத்த குழியைத் தோண்டுவார்.

"தாமிரவருணி என்ன உங்க அப்பன் வீட்டுக் கெணறா?" என் சின்னாச்சி, தெருக்குழாயில் குடம் நிறைந்த பிறகும் மூடாமல் பேசிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்து. வேறு சந்தர்ப்பத்தில் சொல்லிக் கேட்டதில்லை.

இடம் போதாவிட்டால் மூன்றாவதைக் கழித்துக்கொள்ளுங்கள். முதலாவதை மட்டும் வெட்டிவிட வேண்டாம், கொழும்புச் சித்தப்பாவின் பேரன் உங்கள் சந்தாதாரர், அவர் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
திசையன்விளை வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்